மணத்தை நம்பி வாயில் போட்டால்

கேள்வி இதுதான்: பார்க்கவும் முகரவும் பிரமாதமாக இருந்து, சாப்பிட்டால் சப்பென்று போகிற உணவுகள் எவை? முகம் சுளிக்க வைத்துவிட்டு, வாய்க்குள் போனதும் அசத்துகிறவை எவை? இதற்குக் காரணம் ஏதும் உண்டா, இல்லை எல்லாம் அவரவர் நாக்கா?

அவரவர் நாக்கு என்பது பாதி பதில். மீதிப் பாதிக்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எடுத்துக்காட்டுகள் வரிசையாக வந்து விழும்.

ஒரு பொருள் மூக்கை எட்ட வேண்டுமானால் அது காற்றில் பறக்க வேண்டும். இனிப்பு, உப்பு, கசப்பு, துவர்ப்பு ஆகியவற்றைத் தருகிற பொருள்களில் பெரும்பாலானவை பறப்பதில்லை. சர்க்கரை டப்பாவையும் உப்பு ஜாடியையும் கண்ணை மூடி முகர்ந்து பாருங்கள், எது எதுவென்று சொல்ல முடியாது. வினிகர் மாதிரி சில புளிப்புகள் விதிவிலக்கு. ஆக, வாயில் போடுவதற்கு முன் மூக்கு தருகிற தகவல் எப்போதுமே அரைகுறை. உள்ளே கசப்பு காத்திருக்கிறதா, துவர்ப்பு காத்திருக்கிறதா என்று அதற்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூக்குக்கு வீடு மாதிரி ஒரு முன்வாசல், ஒரு கொல்லைவாசல். மூச்சை இழுக்கும்போது மணம் முன்வாசல் வழியாக வருகிறது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டையின் பின்புறமாக மேலேறிக் கொல்லைவாசல் வழியாக வருகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வழியில் வந்ததுதான். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் ஏலக்காய் மிட்டாயை வாயில் போடுங்கள். வெறும் இனிப்புதான் இருக்கும். விரலை எடுத்த நொடியில் ஏலக்காய் வந்து நிற்கும். ஒரே மணம் இரண்டு வழிகளிலும் வந்தாலும் மூளை அதை ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை, வெளியில் இருக்கிற பொருளின் மணம் என்றும் வாயில் இருக்கிற உணவின் ருசி என்றும் தனித்தனியாகப் பார்க்கிறது என்று பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-இல் எழுதினார். நாறுகிற பாலாடைக்கட்டியைச் சிலர் எப்படி ரசித்துச் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு அது ஒரு நல்ல விளக்கம்.

ஏமாற்றுகிற உணவுகளில் முதலிடம், என் கணக்கில், காபிக்கு. பலர் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. கொட்டை வறுக்கிற கடையைத் தாண்டிப் போகும்போது வருகிற அந்த மணத்துக்கு ஈடாக ஒரு டம்ளர் காபி இதுவரை எங்கும் போடப்படவில்லை. வறுக்கும்போது நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றில் முக்கியமான சில, வறுத்த சில நாட்களிலேயே கெட்டுப்போகும் அளவுக்கு மென்மையானவை. ஆனால் அதே வறுவல்தான் கசப்பையும் உண்டாக்குகிறது. காபியின் கசப்புக்குக் காரணம் காஃபீன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் பங்கு சிறியது. பச்சைக் கொட்டையில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலங்கள் சூட்டில் உருமாறித்தான் கசப்பில் பெரும்பகுதியைத் தருகின்றன. காஃபீன் நீக்கிய காபியும் கசப்பதற்குக் காரணம் இதுதான். இந்தக் கசப்பு பறக்காது, அதனால் மூக்குக்குத் தகவலே போகாது. முதன்முதலாக வெறும் டிகாக்ஷனை வாயில் வைக்கிற குழந்தையின் முகத்தைப் பார்த்திருப்பீர்களே.

நம் ஊர் பில்டர் காபி இந்த இடைவெளியைச் சாமர்த்தியமாக மூடுகிறது. பாலின் புரதம் கசப்பை ஓரளவு பிடித்து வைக்கிறது, சர்க்கரை மீதியை அமுக்குகிறது, டபராவில் ஆற்றும்போது மணம் மறுபடி மேலெழும்புகிறது. கருப்புக் காபி மட்டுமே காபி என்று சொல்லும் கூட்டத்தோடு எனக்கு ஒத்துப்போவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

வெனிலா எசன்ஸும் கோகோ பவுடரும் இதே ரகம். இரண்டையும் சமையலறையில் திருட்டுத்தனமாக நக்கிப் பார்க்காத பிள்ளைகள் குறைவு, இரண்டாவது முறை நக்கியவர்கள் அதைவிடக் குறைவு. கோகோவில் சுவாரசியம் என்னவென்றால், அதன் பழம் நேர்மாறான அனுபவம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வளர்க்கிறார்கள். தடித்த ஓட்டை உடைத்தால் விதைகளைச் சுற்றி வெள்ளையாக, கொழகொழவென்று ஒரு சதை. பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்காது, சாக்லேட் வாசனை துளியும் வராது. வாயில் போட்டால் புளிப்பும் இனிப்புமாக, லிச்சிப் பழத்தை நினைவூட்டும். அந்தச் சதையோடு விதைகளைச் சில நாள் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்த பிறகுதான் சாக்லேட் மணம் வருகிறது. தோட்டத்துப் பக்கம் போகிற வாய்ப்பு கிடைத்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். விதையைக் கடித்துவிடாமல் சப்பித் துப்ப வேண்டும்.

நம்மூரில் காபிக்கு அடுத்த ஏமாற்றுக்காரர் பனம்பழம். நுங்கைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. அதே காய் முற்றிப் பழுத்து, நெருப்பில் சுடும்போது தெருவே மணக்கும், வாயூறும். நம்பிக் கடித்தால் முதலில் நார், அப்புறம் மெல்ல ஏறுகிற ஒரு கசப்பு. மாம்பழமும் பலாப்பழமும் கலந்த மாதிரி மணந்த பழம் ஏன் கசக்கிறது? பனம்பழக் களியில், அதாவது அதன் கூழான சதையில், ஃபிளாபெல்லிஃபெரின் என்ற சப்போனின் வகைப் பொருள்கள் இருக்கின்றன, கசப்பு அவற்றுடையது. மரத்துக்கு மரம் அளவு மாறும், அதனால்தான் ஊர்ப் பெரியவர்களுக்கு எந்த மரத்துப் பழம் கசக்காது என்று தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்தார் இதற்கு நல்ல வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். களியைப் பிழிந்து நாரை நீக்கி, சீனி சேர்த்துக் காய்ச்சி, மாவோடு பிசைந்து எண்ணெயில் பொரித்துப் பனங்காய்ப் பணியாரமாக ஆக்கிவிடுகிறார்கள். மணம் அப்படியே இருக்கும், மிஞ்சுகிற லேசான கசப்பு இனிப்புக்குத் துணையாகிவிடும். பழத்தைச் சுட்டுத் தின்று ஏமாந்தவர்கள் பணியாரத்தைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப்பழமும் இப்படித்தான். நிறமும் மணமும் கூப்பிடும், கடித்தால் சாறு வழியும், பிறகு தொண்டை கமறும். அதிலிருக்கிற டானின் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழவழப்பைப் போக்கிவிடுகிறது. துவர்ப்பு என்பது சரியாகச் சொன்னால் சுவையைவிட ஓர் உராய்வு உணர்ச்சி, அதற்கும் மணம் கிடையாது. பழத்தை நறுக்கி உப்புப் போட்டு வைத்துச் சாப்பிடுவது அதனால்தான்.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம்.

துரியன் பழத்தைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிங்கப்பூர் ரயில்களில் அதைக் கொண்டுபோகத் தடை. 2018 ஏப்ரலில் மெல்போர்னில் ஒரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து, எரிவாயு கசிகிறது என்ற பயத்தில் 500 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். தேடிப் பார்த்தால் அலமாரி ஒன்றில் அழுகிய துரியன். இதில் சிரிப்பதற்கு மட்டுமல்ல, வேதியியலுக்கும் இடம் இருக்கிறது. துரியன் நாற்றத்தின் முக்கியக் கூறுகளில் ஒன்று எத்தேன்தயால் என்ற கந்தகச் சேர்மம். நம் வீட்டு கேஸ் சிலிண்டரில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கிற பொருளும் அதுவே. அந்த மூக்குகள் தவறவில்லை.

ஆனால் அதே பழத்தில் பழவாசனை தரும் எஸ்டர்களும் ஏராளம். சதையில் சர்க்கரையும், பழங்களில் அரிதாகப் பார்க்கும் அளவுக்குக் கொழுப்பும் உண்டு. முகரும்போது கந்தகம் முன்னால் நிற்கிறது. வாயில் போட்டதும் இனிப்பும் வழவழப்பும் சேர்ந்துகொள்ள, கந்தகம் பின்னால் போய், திரட்டுப்பாலில் வெங்காயத்தின் சாயல் தட்டிய மாதிரி ஒன்றாகிவிடுகிறது. வெங்காயத்தைச் சொன்னதும் பயப்படாதீர்கள், அது அங்கே பொருந்தித்தான் போகிறது. இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் மலாக்காவில் இந்தப் பழத்தை வீட்டுக்குள் வைத்திருந்தபோது நாற்றம் தாங்காமல் தொடவே இல்லை. பிறகு போர்னியோவில், கீழே விழுந்து கிடந்த பழுத்த பழத்தை வெட்டவெளியில் தின்றார், அன்றோடு அதற்கு அடிமையாகிவிட்டார். துரியன் தின்ன நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை. மூடிய அறையில் திறக்காதீர்கள், குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிற வழியில் கல்லாறு, பர்லியாறு அரசுப் பழப்பண்ணைகளில் துரியன் மரங்கள் உண்டு. குழந்தைப் பேற்றுக்கு நல்லது என்ற நம்பிக்கையால் அதன் விலை எங்கோ நிற்கும். அந்த விலைக்கு ருசி ஈடாகுமா என்றால், ருசிக்காக மட்டும் வாங்குகிறவர் மலேசியா போகும்போது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பேன்.

கருவாடு இன்னும் நெருக்கமான சங்கதி. கடல்மீன் உடம்பில் இருக்கிற ஒரு பொருள், மீன் செத்த பிறகு பாக்டீரியாவால் டிரைமெத்திலமீனாக மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவது அதற்குத்தான். இது அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உள்ள பொருள் (மிளகாய்க் காரம் அல்ல). புளியோடு சேர்ந்தால் உப்பாக மாறி, பறக்கும் குணத்தை இழந்துவிடும். கருவாட்டுக் குழம்பில் புளி கெட்டியாக இருப்பது வெறும் பழக்கத்தால் அல்ல. முதலில் வெந்நீரிலோ கழுநீரிலோ அலசுவது அதிகப்படி உப்பையும் நாற்றத்தில் ஒரு பங்கையும் எடுத்துவிடுகிறது. மீதியைப் புளி அடக்குகிறது. அப்புறம் நாக்குக்குக் கிடைப்பது, மீன் உலரும்போது திரண்டு நின்ற உமாமி, அதாவது இறைச்சிச் சாற்றில் தெரிகிற அந்த ஐந்தாவது சுவை. அதற்கும் மணம் கிடையாது. அதாவது காபியில் மூக்குக்குத் தெரியாமல் போனது கசப்பு, கருவாட்டில் தெரியாமல் போனது நல்ல செய்தி. நெத்திலிக் கருவாட்டை வறுக்கும்போது வீட்டைவிட்டு ஓடுகிறவர், கத்திரிக்காய் போட்ட குழம்பு தட்டுக்கு வந்ததும் திரும்பி வருவார்.

மாசிக் கருவாட்டுக்கு நாற்றம் குறைவு, ஆனால் தோற்றம் சரியில்லை. பார்த்தால் விறகுத் துண்டு. சூரை மீனை அவித்து, புகையிட்டு, கல்லாகக் காயவைத்தது. ஜப்பானியர்கள் சூப்புக்குச் சீவிப் போடுகிற கட்சுவோபுஷியும் அதே இன மீன்தான், செய்முறையும் அதற்கு உறவு. இடித்த மாசியில் ஒரு கரண்டி, சீனிச் சம்பல் என்ற இனிப்பு வெங்காயத் தொக்கில் சேர்ந்ததும் வெங்காயத்தின் ருசியே மாறிப்போகிறது. இலங்கைத் தமிழர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பெருங்காயத்தைப் பற்றி ஒரு வரி போதும். டப்பாவைத் திறந்தால் கந்தகம், சூடான எண்ணெயில் விழுந்தால் வெங்காயமும் பூண்டும் வதங்கிய மணம். அதை நம்பித்தான் பூண்டு சேர்க்காத சமையல் பலகாலமாக ஓடுகிறது.

இதுவரை மூக்கு. கண் செய்கிற மோசடி வேறு மாதிரி, அதற்கு டிராகன் பழத்தைவிட நல்ல சாட்சி இல்லை. குஜராத் அரசு 2021-இல் அதற்கு 'கமலம்' என்று பெயரே சூட்டியது, அவ்வளவு அழகு. வெட்டினால் வெள்ளைச் சதையில் கறுப்பு எள் தூவிய மாதிரி இருக்கும். சாப்பிட்டால் தண்ணீரில் யாரோ சர்க்கரையைக் காட்டிவிட்டு எடுத்த ருசி. இரண்டு காரணங்கள். ஒன்று, இந்தப் பழம் பறித்த பிறகு இனிப்பு ஏறுவதில்லை. தூரத்துச் சந்தைக்காக முன்கூட்டியே பறித்தால் அந்த அளவிலேயே நின்றுவிடும். இரண்டு, அதற்கு மணம் மிகக் குறைவு. மணம் இல்லாவிட்டால் இருக்கிற இனிப்பும் குறைவாகத் தெரியும். புளோரிடா பல்கலைக்கழகத்தில் தக்காளி ரகங்களை ஒப்பிட்டபோது, சர்க்கரை குறைவாக இருந்த ஒரு ரகம் சர்க்கரை கூடுதலான ரகத்தைவிட இனிப்பாகத் தெரிந்தது. அதன் மணப்பொருள்கள் செய்த வேலை. டிராகன் பழத்தை வாங்கியே தீருவதென்றால் உள்ளே சிவந்த ரகமாகப் பாருங்கள், நடுப்பகுதியை முதலில் சாப்பிடுங்கள். சர்க்கரை அங்கேதான் கூடுதல்.

கடைகளில் பளபளவென்று அடுக்கி வைக்கிற கருஞ்சிவப்பு அமெரிக்க ஆப்பிளின் கதை இன்னும் சோகம். ரெட் டெலிஷியஸ் என்பது அதன் பெயர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயட் என்ற விவசாயியின் தோட்டத்தில் தானாக முளைத்த மரம் அது. அவர் வைத்த பெயர் ஹாக்ஐ. ஸ்டார்க் பிரதர்ஸ் என்ற நாற்றுப்பண்ணை 1890-களில் உரிமையை வாங்கி 'டெலிஷியஸ்' என்று பெயர் மாற்றியது. அப்போது அது கோடு போட்ட சிவப்பு, ருசிக்காகவே பேசப்பட்ட பழம். பிறகு கிளைகளில் தற்செயலாக இன்னும் சிவப்பாகக் காய்த்தவற்றையே தேடித் தேடி ஒட்டுக்கட்டினார்கள். சிவப்பு ஏறியது, தோல் தடித்தது, நீண்ட நாள் கெடாமல் நின்றது. ருசியை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அமெரிக்கர்களே சலித்துப்போய், 2018-இல் காலா என்ற ரகம் அங்கே அதன் முதலிடத்தைப் பிடித்தது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் மட்டும் பழம் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தோலின் லேசான கசப்பே சாட்சி.

கண் மட்டுமல்ல, பெயரும் ருசியை மாற்றும். கண்ணுக்கு ஒரு சாட்சி: பிரான்சின் போர்தோவில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒயின் பற்றிப் படிக்கிற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அவர்கள் அதை வர்ணித்தார்கள். பெயருக்கு ஒரு சாட்சி, 2005-இல் வந்த இன்னோர் ஆய்வு: ஐசோவலெரிக் அமிலம் கலந்த ஒரே மணத்தைச் 'செடார் பாலாடைக்கட்டி' என்று எழுதிக் காட்டியபோது நன்றாக இருக்கிறது என்றவர்கள், 'உடம்பு நாற்றம்' என்று எழுதிக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் 2008-இல் வெளியான சால்மன் ஐஸ்கிரீம் ஆய்வு. புகையிட்ட சால்மன் மீனில் செய்த, உறையவைத்த ஒரு பதார்த்தம், நிறம் இளஞ்சிவப்பு. அதை ஐஸ்கிரீம் என்று சொல்லிக் கொடுத்தால் உப்புக் கரிக்கிறது, சகிக்கவில்லை என்றார்கள். உறையவைத்த உப்புப் பதார்த்தம் என்று சொல்லிக் கொடுத்தால் சாப்பிட்டார்கள், உப்பும் குறைவாகவே தெரிந்தது. பதார்த்தம் ஒன்றுதான். எதிர்பார்த்ததும் கிடைத்ததும் கொஞ்சமாக விலகினால் மூளை கிடைத்ததை எதிர்பார்ப்பின் பக்கம் இழுத்துச் சரிசெய்துகொள்ளும். அதிகம் விலகினால் துப்பிவிடும்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் நம் வீடுகளில் பல சண்டைகள் குறையும். மீல்மேக்கரை 'மட்டன் மாதிரியே இருக்கும்' என்று சொல்லிப் பரிமாறுகிறவர் அதன் கழுத்தை அறுக்கிறார். காரசாரமான ஒரு வறுவலாக, அதன் பெயரிலேயே வைத்தால் தட்டு காலியாகும். சிறுதானியத்துக்கும் இதே கதிதான். வரகுப் பிரியாணி என்றதும் நாக்கு சீரகச் சம்பாவைத் தேடுகிறது, கிடைக்காமல் கோபித்துக்கொள்கிறது. அதே நாக்கு, மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழைச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கும்போது எதையும் தேடுவதில்லை. கூழ் வேறெதற்கும் மாற்றாக வேடம் போடவில்லை.

சில நேரம் உணவு அப்படியேதான் இருக்கும், சூழல்தான் ருசியைக் கெடுக்கும். விமானச் சாப்பாட்டைத் திட்டாதவர் இல்லை. அங்கே காற்றழுத்தம் குறைவு, காற்று பாலைவனம் போல வறண்டது, மூக்கு பாதி வேலைதான் செய்யும். போதாததற்கு இரைச்சல். பேரிரைச்சலில் இனிப்பு மங்கியும் உமாமி தூக்கலாகவும் தெரிகிறது என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-இல் காட்டியது. தரையில் தக்காளிச் சாறு கேட்காதவர்கள் வானத்தில் கேட்டு வாங்கிக் குடிப்பதன் பின்னணி இதுவாக இருக்கலாம். நம் ஆட்கள் பையில் ஊறுகாய் எடுத்துப் போவதும் சரியான காரியமே.

தக்காளியைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் இப்படி ஒரு கெடுதல். 12 டிகிரிக்குக் கீழே போனால் மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சில முடங்கிவிடுகின்றன. வெளியே எடுத்துச் சில நாள் வைத்தாலும் அந்த மணம் முழுதாகத் திரும்புவதில்லை. ரசத்துக்கு வாங்குகிற நாட்டுத் தக்காளியைக் கூடையிலேயே வையுங்கள்.

கடைசியாக, கேள்வியில் இல்லாவிட்டாலும் பலர் ஏமாறுகிற ஒன்று: பட்டர் ஃப்ரூட் என்று விற்கிற அவகாடோ. கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் நன்றாகவே விளைகிறது. பழம் என்ற பெயரைக் கேட்டு இனிப்பை நினைத்துக் கடித்தவர்கள் சோப்புக் கட்டி என்று சொல்லிவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள். இனிப்பு அதில் அநேகமாக இல்லை, கொழுப்புதான் உண்டு. கடைக்காரர்கள் பாலும் சர்க்கரையும் கொட்டி மில்க்‌ஷேக் ஆக்குவது பழம் என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காக. அதைப் பழமாக நினைக்காமல் தேங்காய்க்குச் சொந்தக்காரராக நினையுங்கள். காம்புப் பக்கம் லேசாக அமுங்குகிற பதத்தில் வாங்கி, மசித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, தாராளமாக எலுமிச்சைச் சாறு. தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் கறுத்துப்போகும்.